வெள்ளச்சி வீட்டு இலை

உக்காருங்க தம்பி, தாராளமா உக்காருங்க. காலியாத்தான் இருக்குது. பையை மேல வெச்சுருங்க, கீழ வெச்சா வளைவுல உருண்டு டிரைவர்கிட்டப் போயிரும். மேல இருந்து அடிவாரம் வரைக்கும் முப்பத்தாறு கொண்டை ஊசி வளைவு. பழகாதவங்களுக்கு வயித்தைப் பிரட்டும். ஜன்னல் பக்கம் வேணுங்களா? வேண்டாமா, சரி.

இதுவா? இது உப்புப் படிங்க. வேங்கை மரம். சுத்தியும் இரும்புப் பட்டை பாருங்க, நூத்தம்பது வருசமாகியும் ஒரு ஆணி கழண்டதில்ல. எங்க பாட்டனுக்குப் பாட்டன் கையால உப்பு அளந்த படி. உப்பு ரங்கப்பன்னா அந்தக் காலத்துல இந்தத் தும்பமலை பூராவும் தெரியும். கண்டக்டர் ‘உப்புக்கிடங்கு, உப்புக்கிடங்கு’ன்னு ஒரு ஸ்டாப்பு சொல்லிக் கத்துனாரே, அது அவரோட கிடங்கு இருந்த இடந்தான். நானும் அங்கதான் மளிகைக் கடை வெச்சிருக்கேன். ஒரு மனுசன் மூட்டை இறக்கி வெச்ச இடம் ஊராயிப் போச்சு. எத்தனை பேருக்குக் கிடைக்கும் அந்தப் பேரு, சொல்லுங்க.

இதை இன்னைக்கு மேல எடுத்துட்டுப் போனது சாட்சிக்காகங்க. சப்-கலெக்டர் அம்மா விசாரணைக்கு வந்திருந்தாங்க. என் சின்னப் பொண்ணு சௌமியாவுக்கு ஒரு சாதிச் சான்றிதழ் வேணும். எஸ்.டி. சர்டிபிகேட்டு. வனத்துறையில காவலர் வேலைக்கு எழுதிப் பாஸ் பண்ணிட்டா. நடைத் தேர்வுன்னு ஒண்ணு வெப்பாங்க, பதினஞ்சு கிலோமீட்டர் நிக்காம நடக்கணும். பாதிப் பேரு மயங்கி உக்காந்துட்டாங்க. இவ முதல் ஆளா வந்து, செருப்பைக் கழட்டிக் கல்லைத் தட்டிக்கிட்டு நின்னா. நான் பாத்தேன். எங்கிருந்து வந்துச்சு அந்தக் காலு? எங்க வீட்டுல நாங்க எல்லாம் கல்லாவுல உக்காந்து கால் மரத்துப் போனவங்க. மத்தது எல்லாம் முடிஞ்சுது, இந்த ஒரு காகிதந்தான் பாக்கி. திங்கக்கிழமை கடைசி நாளு. இன்னைக்கு வெள்ளிக்கிழமை.

நீங்க நினைக்கிறது புரியுது. கடைக்காரனுக்கு எப்படி மலைச்சாதிச் சர்டிபிகேட்டுன்னு பாக்குறீங்க. அதுக்கு ரங்கப்பன் கதையிலிருந்து வரணும். நேரம் இருக்குதுல்ல, இப்பத்தான் மூணாவது வளைவு.

வெள்ளைக்காரன் காலம். இந்த ரோடு கிடையாது, வண்டி ஏறாது. பொதிமாட்டு மேல உப்பு ஏத்திக்கிட்டு, காய்ச்சலுக்கும் கரடிக்கும் பயந்து யாரும் வராத மலைக்கு ரங்கப்பன் ஏறுனாரு. உப்பு, இரும்பு, கொஞ்சம் துணி. பதிலுக்கு மலைக்காரங்க கடுக்காயும் தேனும் மெழுகும் குடுப்பாங்க. தாராள மனசுக்காரரு. ‘படி நெறைஞ்சு வழியணும்’னு சொல்லித்தான் அளப்பாராம். எங்கப்பா சொல்லக் கேட்டிருக்கேன். அந்த மனசைப் பாத்துத்தான் மலைக்காரங்க அவருக்குப் பொண்ணே குடுத்தாங்க. வெள்ளச்சின்னு பேரு. அவ வயித்துல நாலு பிள்ளைங்க. அந்த வழியில வந்தவங்கதான் நாங்க.

கீழ அவருக்கு இன்னொரு குடும்பம் இருந்துச்சுன்னும் சொல்லுவாங்க. இருந்திருக்கும். பெரிய வியாபாரி. வயசான காலத்துல ஒரு தடவை சரக்கெடுக்கக் கீழ போனவரு திரும்பி வரலை. வெள்ளச்சி சாகுற வரைக்கும் அவரு வருவாருன்னு இந்தப் படியைத் தேய்ச்சு வெச்சுக்கிட்டு இருந்தாளாம். அவரை நான் குத்தம் சொல்ல மாட்டேன். வியாபாரிக்கு ஆயிரம் வேலை இருக்கும்.

மலையில ஒரு வழக்கம் உண்டுங்க. வைகாசி நோம்பித் திருவிழாவுல கோயில் பலாமரத்தடியில கெடா வெட்டி, சாமைச் சோறு ஆக்கி, வீட்டுக்கு ஒரு தேக்கிலை போட்டுப் பங்கு வெப்பாங்க. ஊர்த் தலைவரு, மூப்பன்னு சொல்லுவாங்க, அவரு நின்னு ஒவ்வொரு வீட்டுப் பேராக் கூப்பிடுவாரு. அந்த வீட்டு ஆளு ‘இருக்கோம்’னு சொல்லி எடுத்துக்கணும். வெளியாளுக்குப் பொண்ணு குடுத்தா பிள்ளைங்க தாய் வீட்டுக் கணக்கு. அதனால எங்க பங்குக்கு ‘வெள்ளச்சி வீடு’ன்னு பேரு. ரங்கப்பன் பேரைச் சொல்ல மாட்டாங்க. அது எனக்குச் சின்ன வயசிலேயே ஒரு மாதிரி இருக்கும். படி படியா உப்பு குடுத்தவன் பேரு இல்ல, பொம்பளை பேரு மட்டும் இருக்குதேன்னு.

எங்கப்பா இருந்த வரைக்கும் வருசா வருசம் ஏறிப் போயி ‘இருக்கோம்’னு சொல்லிட்டு வந்தாரு. அவருகிட்ட தாசில்தார் கையெழுத்துப் போட்ட மலைச்சாதி சர்டிபிகேட்டு இருந்துச்சு, இன்னைக்கும் பீரோவுல இருக்குது. அவருக்கப்புறம் எனக்குப் போக முடியலை. கடையை யாருகிட்ட விட்டுட்டுப் போறது? போகலைன்னாலும் அங்க ஒண்ணும் ஆகாதுங்க. நாம இல்லைன்னா பக்கத்து வீட்டுக்காரன் நமக்காக ‘இருக்காங்க’ன்னு சொல்லிருவான். இலையை மரத்தடியில வெச்சிருவாங்க. இப்படியே பல வருசம் எங்களுக்கு இலை விழுந்துக்கிட்டுத்தான் இருந்துச்சு. நான் கேட்டுக்கவும் இல்ல, வேண்டாம்னு சொல்லவும் இல்ல.

பிடிச்சுக்குங்க, இந்த வளைவு கொஞ்சம் மோசம்.

பதினோரு வருசம் முந்தி என் பெரிய பொண்ணு சுகுணாவுக்குக் கல்யாணம். சேலத்துல மொத்த வியாபாரம் பண்ற குடும்பம். சுத்த சைவம், கறி வாசம் அடிச்சா எழுந்து போயிருவாங்க. அந்த மாதிரி இடம் கிடைக்கணும்னா சும்மாவா? ரெண்டு வருசம் நடையா நடந்தேன். பத்திரிகையிலேயே போட்டேன், ‘உப்பு வணிகர் ரங்கப்பன் வழித்தோன்றல்’னு கொட்டை எழுத்துல. மலை, வெள்ளச்சி, அந்தப் பேச்செல்லாம் எதுக்கு? பொய் ஒண்ணும் சொல்லலையே. பாதியைச் சொன்னேன், மீதியைச் சொல்லலை. கல்யாணத்துக்கு எல்லாரும் அப்படித்தான்.

முகூர்த்தத்துக்கு இன்னும் அரை மணி நேரம். அடிவாரத்து மண்டபத்து வாசல்ல நின்னு நான் பன்னீர் தெளிச்சுக்கிட்டு இருக்கேன். பாத்தா, சடையன் மூப்பன் வர்றாரு. கூட நாலு பேரு. தலையில முண்டாசு, கையில தேக்கிலைப் பொட்டலம். பங்கைப் பஸ்ஸுல ஏத்தக் கூடாதுன்னு மலையிலிருந்து நடந்தே வந்திருக்காங்க. காலு முழங்கால் வரைக்கும் செம்மண்ணு. நான் சொல்லி விடவே இல்லீங்க. எப்படியோ சேதி தெரிஞ்சு வந்துட்டாங்க.

“வெள்ளச்சி வீட்டுல கல்யாணம், பங்கு வராம இருக்குமா சாமி?” அப்படின்னாரு. “பொண்ணு ஒரு வாய் முழுங்கிட்டுத் தாலி வாங்கணும்.”

இலைக்குள்ள என்ன இருக்குதுன்னு எனக்குத் தெரியும். சாமைச் சோறும் கெடாக் கறியும். வாசம் அடிக்குது. பக்கத்துல சம்பந்தி நிக்கிறாரு, பட்டு வேட்டி கட்டிக்கிட்டு. அவரு மூக்கைச் சுருக்கிக்கிட்டு “யாருங்க இவங்க?”ன்னு கேட்டாரு. நான் என்ன சொல்லட்டும்? “மலையிலிருந்து நம்ம கடைக்குத் தேன் போடுறவங்க”ன்னு சொன்னேன்.

மூப்பனுக்குக் காது நல்லாக் கேக்கும். ஆனா கோவிச்சுக்கலை. “இது வெள்ளச்சி வீட்டு இலைங்க”ன்னு சம்பந்திகிட்டேயே விளக்கிச் சொல்ல ஆரம்பிச்சுட்டாரு, வாசல் ஓரத்துல இலையைப் பிரிச்சு வெச்சுக்கிட்டு. எனக்கு உடம்பெல்லாம் வேர்த்துப் போச்சு. இன்னும் ரெண்டு வார்த்தை பேசுனா என் பொண்ணு வாழ்க்கை போச்சு. குனிஞ்சு இலையைக் கவுத்துட்டேன். இப்படி, ஒரு கையால. ஒரு நொடி வேலை. சோறு கீழ விழுந்துச்சு.

மூப்பன் இலையைப் பாத்தாரு, என்னைப் பாத்தாரு. “தெரிஞ்சுதான் செய்யுறீங்களா?”ன்னு கேட்டாரு. நான் “போயிட்டு வாங்க”ன்னேன். அஞ்சு பேரும் திரும்பி நடந்தாங்க. சாப்பிட்டுட்டுப் போங்கன்னு சொல்லியிருக்கலாம். பந்தியில சம்பந்தி ஆளுங்க உக்காந்திருந்தாங்க, எங்க உக்கார வெக்கிறது?

அப்பத்தான் இந்தச் சௌமியா வந்தா. பதினோரு வயசு, பட்டுப் பாவாடை. யாரும் கூப்பிடலை. வந்து குந்தி உக்காந்து, கீழ கிடந்த சோத்துல ஒரு கவளம் எடுத்து வாயில போட்டுக்கிட்டா. எனக்கு வந்ததே கோவம். கன்னத்தைப் பிடிச்சு அமுக்கி, துப்பு துப்புன்னேன். துப்புனா. வாயைக் கொப்புளிக்க வெச்சு, பாவாடையைத் தொடச்சு உள்ள அனுப்புனேன். அடிச்சேனா? ஒரு தட்டு தட்டியிருப்பேன். மண்ணுல கிடந்ததைத் தின்னா எந்தத் தகப்பன் சும்மா இருப்பான்?

கல்யாணம் நல்லபடியா நடந்துச்சு. சுகுணா சேலத்துல நல்லா இருக்கா. இங்க வர்றதில்ல, அது வேற விசயம். அவங்க வீட்டுல அனுப்ப மாட்டாங்க.

அப்புறம் வருசா வருசம் நோம்பிக்கு முன்னாடி மூப்பன் யாருகிட்டயாவது சேதி சொல்லி விடுவாரு. “அந்தச் சின்னப் புள்ளையை ஒரு தடவை அனுப்புங்க, ஒண்ணு கேக்கணும்.” இதே சேதி. ஒரு வருசம் தவறலை. நோம்பிக்குப் பணம் கேக்கத்தான் புள்ளையைச் சாக்கு வெக்கிறாங்கன்னு நினைச்சு, வந்தவன்கிட்ட அஞ்சு கிலோ சர்க்கரை குடுத்து அனுப்பிருவேன். சர்க்கரையை வாங்கிக்குவாங்க. அடுத்த வருசம் திரும்பவும் அதே சேதி வரும்.

சரி, இன்னைக்கு நடந்ததுக்கு வர்றேன்.

பலாமரத்தடியில சப்-கலெக்டர் அம்மாவுக்கு நாற்காலி போட்டிருந்தாங்க. சின்ன வயசு, நிதானமான பொம்பளை. கூட ஒரு கிளர்க்கு. ஊரே உக்காந்திருக்குது. எங்கப்பா சர்டிபிகேட்டைக் குடுத்தேன், வாங்கிப் பாத்தாங்க. அப்புறம் இந்தப் படியை எடுத்து மேஜை மேல வெச்சேன். “அம்மா, நூத்தம்பது வருசமா இந்த மலைக்கும் எங்களுக்கும் உறவு, இதுதான் அத்தாட்சி”ன்னேன். அந்தக் கிளர்க்குப் பையன் உள்ள கையை விட்டுப் பாத்துட்டு, “என்ன சார், அடி இவ்வளவு மேல இருக்கு? பாதிப் படி மரமாவே இருக்குதே”ன்னான். ஊரு சிரிக்குது. அந்தக் காலத்துல மரத்தைக் கனமாத்தான் செதுக்குவாங்க, இது தெரியாதா அவனுக்கு?

மூப்பன் சிரிக்கலை. “அது எங்க பாட்டனுங்களுக்குத் தெரியுமுங்க”ன்னாரு. “தெரிஞ்சேதான் பொண்ணு குடுத்தாங்க. உப்பு வேணுமில்ல. பொண்ணு குடுத்தா அளவு சரியாகும்னு பாத்தாங்க.”

“ஆச்சா?”ன்னு அம்மா கேட்டாங்க.

“இல்லீங்க. ஆனா வெள்ளச்சி எங்க பொண்ணு. அவ பிள்ளைங்க எங்க பிள்ளைங்க.”

எனக்கு உசிரு வந்துச்சு. அம்மாவும் தெளிவாச் சொன்னாங்க: “ரங்கப்பன் வெளியாளுங்கறது பிரச்சினை இல்ல. இன்னைக்கு உங்க ஊரு இந்தக் குடும்பத்தைத் தங்கள்ல ஒருத்தரா வெச்சிருக்குதா, அதுதான் எனக்கு வேணும்.” மூப்பன் வீட்டுப் பேரெல்லாம் வரிசையாச் சொன்னாரு. நோம்பியில கூப்பிடுற வரிசை. முப்பத்திரெண்டு வீடு. கிளர்க்கு எழுதிக்கிட்டே வந்தான். கரியான் வீட்டுக்கும் நல்லம்மா வீட்டுக்கும் நடுவுல எங்க பேரு வரணும். வரலை. அந்த இடத்துல மூப்பன் மூச்சு வாங்கிட்டு அடுத்த பேரைச் சொன்னாரு.

“வெள்ளச்சி வீடு?”ன்னு அம்மா கேட்டாங்க.

“இவரு இலையைக் கவுத்துட்டாருங்க. கவுத்த வீட்டைக் கூப்பிடக் கூடாதுங்க. அது செத்த வீடு மாதிரி.”

நான் எழுந்து, “தெரியாமப் பண்ணிட்டேன் அம்மா, இலையைக் கவுக்குறதுக்கு அர்த்தம் எனக்கு எப்படித் தெரியும்?”னேன். தெரியும்தான். எங்கப்பா கைப்பிடிச்சுக் கூட்டிட்டுப் போயிச் சொல்லிக் குடுத்தது. அதை அங்க சொல்ல முடியுமா?

அப்பத்தான் மூப்பன் ஒண்ணு சொன்னாரு. கேளுங்க இதை. “கவுத்த சோத்துல அந்த வீட்டு ஆளு ஒருத்தர் ஒரு வாய் முழுங்கியிருந்தா, கவுத்தது அவங்களைச் சேராதுங்க. அவங்களுக்கு இலை உண்டு. அன்னைக்கு நான் திரும்பிப் பாத்தேன். இந்தப் புள்ளை எடுத்து வாயில போட்டுச்சு. அதுக்கு மேல நான் பாக்கலை. அதை அந்த வாய்தான் சொல்லணும், நாங்களா வெச்சுக்கக் கூடாது. பதினோரு வருசமா இதைக் கேக்கத்தான் கூப்பிட்டு விட்டேன்.” என் பக்கத்துல உக்காந்திருந்த சௌமியாவுக்கு முன்னாடி வந்து நின்னாரு. “முழுங்குனியா சாமி?”

ஒரே ஒரு வார்த்தைங்க. ஆமான்னு சொன்னாப் போதும். துப்புனதை யாரு பாத்தா? அங்க இருந்தவங்கள்ல நானும் அவளும் மட்டுந்தான். அம்மா பேனாவைத் திறந்து வெச்சிருக்காங்க. ஊரே அவ ஆமான்னு சொல்லணும்னுதான் உக்காந்திருக்குது, அந்தக் கிளர்க்கு உட்பட. அவ என்னைத் திரும்பிப் பாத்தா. நான் தலையை ஆட்டுனேன், சொல்லு சொல்லுன்னு.

“இல்லீங்க மாமா”ன்னா. “அப்பா துப்பச் சொன்னாரு. துப்பிட்டேன்.”

மூப்பன் முண்டாசை அவுத்து மூஞ்சியைத் தொடச்சுக்கிட்டாரு. ரொம்ப நேரம் தொடச்சாரு. அப்புறம் அம்மாகிட்ட, “பாத்தீங்களா, மரத்தடியில பொய் சொல்ல வரலை. எங்க புள்ளைதான்”ன்னாரு.

“அப்ப எழுதலாமா?”

“எழுத முடியாதுங்க.”

அம்மா பேனாவை மூடி வெச்சாங்க. அப்புறம் ஃபைலை மூடிட்டாங்க. அவங்களுக்கும் முகம் வாடிப் போச்சு. மேல்முறையீடு இருக்குதுன்னாங்க. ஆறு மாசம் ஆகும், அதுக்கும் இந்த ஊருதான் சொல்லணும்னாங்க. திங்கக்கிழமைக்கு அப்புறம் அந்த வேலை எவனுக்கோ போயிரும்.

எனக்கு ஆத்திரமே தாங்கலை தம்பி. படிச்ச புள்ளை. வாழ்க்கை கையில இருக்குது. ஒரு வார்த்தை மாத்திச் சொன்னா வானம் இடிஞ்சா விழும்? நான் இத்தனை வருசம் எத்தனை பொய் சொல்லி இந்தக் குடும்பத்தை நடத்தியிருப்பேன். இறங்கி வர்ற வழியில கேட்டுட்டேன், “ஏன்டி, முழுங்குனேன்னு சொல்லியிருக்கலாமில்ல?”ன்னு.

அவ நின்னு, “நீங்க அன்னைக்கு முழுங்க விட்டிருக்கலாமில்லப்பா”ன்னா. அவ்வளவுதான்.

எங்க இருக்காளா? இதே பஸ்ஸுலதான். அதோ, டிரைவருக்குப் பின்னாடி மூணாவது சீட்டு, நீலச் சுடிதார், வெளிய பாத்துக்கிட்டு இருக்குதே, அதுதான். நீங்க உக்காந்திருக்கறது அவ உக்காந்த இடந்தான். பஸ்ஸு கிளம்புறதுக்கு முன்னாடி எழுந்து போயிட்டா. அதான் காலியா இருந்துச்சு.

முப்பத்தஞ்சு ஆச்சுங்களா? அடுத்த வளைவு முடிஞ்சதும் டீக்கு நிறுத்துவான். தம்பி, ஒரு உதவி பண்ணணும். காலையிலிருந்து அவ பச்சைத் தண்ணி குடிக்கலை. இந்தாங்க, இந்தப் பன்னை மேலயே வாங்கி வெச்சேன், நான் குடுத்தா வாங்க மாட்டேங்கறா. நீங்க கொண்டு போயிக் குடுங்க. நீங்களா வாங்குனதுன்னு சொல்லுங்க. ஒரு வாய் முழுங்குறாளான்னு மட்டும் பாத்துட்டு வந்து சொல்லுங்க. என் பேரைச் சொல்லிறாதீங்க.